கப்பல் நின்ற ஊரில் ஆறு மணி நேரம்

சென்ற இதழில் கப்பல் பிரயாணத்துக்குப் பெட்டி கட்டிய கதையை எழுதினாலும் எழுதினேன், தபால்காரர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தாத நாளே இல்லை! பாதிக் கடிதங்களில் ஒரே கேள்விதான். “கப்பல் ஊர் ஊராக நிற்கிறதே, அங்கெல்லாம் கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் டூரில்தான் போக வேண்டுமா? நாமே ஒரு வண்டி பேசிக்கொண்டு நம் இஷ்டப்படி சுற்றிப் பார்க்கக் கூடாதா?” ஈரோட்டுச் சகோதரி ஒருவர் கூடவே ஒரு வரி சேர்த்திருந்தார். “என் அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி, கூட்டத்தோடு ஓட முடியாது.”

அந்த ஒரு வரிக்காகவே இந்த இதழை ஒதுக்கிவிட்டேன். ஏனென்றால் எங்களோடு வந்தவர் என் மாமியார். வயது 74. சர்க்கரையும் உண்டு, முழங்கால் வலியும் உண்டு, பிடிவாதமும் உண்டு.

நாங்கள் போனது 2024 பிப்ரவரியில். சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனார்தான் டிக்கெட் வாங்கி அழைத்துப்போனார். சிங்கப்பூரில் ஏறி, போர்ட் கிள்ளான், பினாங்கு, புக்கெட் மூன்றையும் பார்த்துவிட்டுத் திரும்ப சிங்கப்பூருக்கே வந்து சேருகிற ஐந்து இரவுப் பயணம். நாத்தனாரும் அவர் கணவரும், நாங்கள் இரண்டு பேர், என் பெண், பையன், மாமியார், ஆக ஏழு பேர்.

கப்பல் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வீட்டில் சண்டை ஆரம்பம். கப்பல் டூருக்கு ஒரு ஊருக்குத் தலைக்கு 75 சிங்கப்பூர் டாலர். அப்போதைய கணக்கில் நாலாயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். ஏழு பேர், மூன்று ஊர். என் கணவர் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. “அதே ஊருக்கு ஒரு வேன் வைத்தால் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும்” என்பது அவர் கட்சி. “வழியில வண்டி பஞ்சர் ஆகி நின்னா கப்பல் நமக்காக நிக்காது, தெரியுமா?” என்பது நாத்தனார் கட்சி. சகோதரிகளே, இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அதுதான் இதில் உள்ள சிக்கல்.

கப்பல்காரர்கள் விற்கும் டூரில் போய், பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நம் சொந்த ஏற்பாட்டில் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் நாமே போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். வேறு நாடு, பெட்டியெல்லாம் கப்பலில், மாமியாரின் மாத்திரை டப்பாவும் கப்பலில் என்று நினைத்துப் பாருங்கள்! அதனால் எந்த ஊரில் கப்பல் டூர், எந்த ஊரில் சொந்த ஏற்பாடு என்று ஊருக்கு ஊர் தனித்தனியாக முடிவு செய்ய வேண்டும். ஒரேயடியாக “எல்லாம் நாமே” என்றும் வேண்டாம், “எல்லாம் அவர்களே” என்றும் வேண்டாம்.

முடிவு செய்ய முதலில் பார்க்க வேண்டியது தூரம். கப்பல் கம்பெனியின் விளம்பரத் தாளில் ‘கோலாலம்பூர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கோலாலம்பூரில் கடல் ஏது? கப்பல் நிற்பது போர்ட் கிள்ளானில். அதிலும் ஊருக்குள் இல்லை. பூலாவ் இண்டா என்ற தீவில் இருக்கிறது கப்பல் துறை. என் கணவர் “போர்ட் கிள்ளானில் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது, மின்சார ரயில் நேரே கோலாலம்பூர் போகிறது, இதுக்கு எதுக்கு பஸ்?” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் இருப்பது வாஸ்தவம்தான். ஆனால் கப்பல் துறையிலிருந்து அந்த ஸ்டேஷனுக்கே தனியாக டாக்ஸி பிடித்துப் போக வேண்டும். என் பெண் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் அவர் குரல் இறங்கியது.

அடுத்தது நேரம். இதை ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் ஒரு காசுகூடக் கட்டாதீர்கள். போர்ட் கிள்ளானில் கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படும் என்று போட்டிருந்தது. அடடா, ஒன்பது மணி நேரம் என்று தோன்றுகிறதல்லவா? 8 மணிக்கு வந்தால் 8 மணிக்கு இறங்க முடியாது. அதிகாரிகள் அனுமதி கொடுத்து, வரிசையில் நின்று வெளியே வர 9 மணி ஆகிவிடும். புறப்படுவது 5 என்றாலும் எல்லாரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம் 4.30. நாம் அதற்கும் ஒரு மணி முன்னாடி, 3.30க்கே துறைக்கு வந்துவிட வேண்டும் என்று வையுங்கள். பத்துமலைக்கு ஒன்றேகால் மணி நேரப் பயணம், திரும்பி வரவும் அதே. மிஞ்சுவது நாலு மணி நேரம். அதற்குள் கோவில், சாப்பாடு, இரட்டைக் கோபுரம், கடைத்தெரு என்றால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது. கணக்கைக் காலையிலிருந்து போடாதீர்கள், மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் முகூர்த்த நேரத்திலிருந்து பின்னால் போய்த்தானே அடுப்பு பற்ற வைக்கும் நேரத்தைக் குறிக்கிறோம்!

ஆக, போர்ட் கிள்ளானுக்குக் கப்பல் டூர் என்று நாத்தனார் கட்சி ஜெயித்தது. டூர் எப்படி இருந்தது? சொல்கிறேன். பத்துமலையில் 40 நிமிஷம்தான் நிறுத்தினார்கள். 272 படி. 2018ல் வண்ணம் அடித்திருக்கிறார்கள், பார்க்க அவ்வளவு அழகு. பிள்ளைகள் ஏறிப்போய் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். மாமியாரும் நானும் கீழேயே, 140 அடி முருகன் சிலையின் காலடியில் நின்று கும்பிட்டுக்கொண்டோம். அப்புறம் ஒரு சாக்லேட் கடை. அங்கே 50 நிமிஷம்! சுவாமிக்கு 40, சாக்லேட்டுக்கு 50! சர்க்கரைக்காரரான என் மாமியாரை வாசல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, “நல்லா இருக்குடி இவங்க நியாயம்” என்று அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் முகத்தில் ‘நான் அப்பவே சொன்னேனே’ என்பது எழுதி ஒட்டியிருந்தது.

திரும்பும்போது பிடித்தது மழை. நெடுஞ்சாலையில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. நாங்கள் துறைக்கு வந்து சேர்ந்தபோது மணி 4.50. கப்பல் நின்றுகொண்டிருந்தது, படியடியில் சிப்பந்திகள் குடையோடு காத்திருந்தார்கள். எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒரு டாக்ஸியில் இளம் ஜோடி ஒன்று வந்து இறங்கியது. அந்தப் பெண் அழுதுகொண்டே ஓடி வந்தாள். எங்கள் பஸ்ஸுக்காகக் கப்பல் நின்றதால் அவர்களும் ஏறினார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டில் என் கணவர் டூர் செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் பினாங்கு. இதற்குத்தான் மாமியார் வந்ததே.

என் மாமியாரின் தகப்பனார் பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எங்கள் சிவகங்கைப் பக்கத்தில் அக்கரைச் சீமைக்குப் போன கதை இல்லாத தெருவே கிடையாது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும் ‘ரஜூலா’ கப்பலில் போவார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். 1962ல் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது மாமியாருக்குப் பன்னிரண்டு வயது. அவர் கொண்டுவந்த தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது, அதில்தான் வடகம், வற்றல் போட்டு வைக்கிறோம். மூடியின் உட்பக்கம் வெள்ளைப் பெயிண்ட்டில் அவர் பெயர், கதவு எண், பினாங் ஸ்ட்ரீட். அந்தக் கதவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. எந்தக் கப்பல் டூரில் அந்தக் கதவைக் காட்டுவார்கள்?

நல்லவேளையாகப் பினாங்கு இந்தக் காரியத்துக்கென்றே அமைந்த ஊர். கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுன் ஊருக்குள்ளேயே, சுவெட்டன்ஹாம் துறையில். (போர்ட் கிள்ளானுக்கும் முன்பு போர்ட் சுவெட்டன்ஹாம் என்றுதான் பெயர், 1972ல் மாற்றினார்கள். மாமியார் இரண்டையும் குழப்பிக்கொண்டு முதல் நாளே “அப்பா ஊரு வந்திருச்சா?” என்று கேட்டுவிட்டார்.) வெளியே வந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிஷ நடையில் குட்டி இந்தியா. பழைய ஊர் முழுவதையும் 2008ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பாரம்பரிய நகரமாக அறிவித்திருக்கிறார்கள். இப்படித் துறையும் ஊரும் ஒட்டியிருக்கும் இடத்தில் டூருக்குப் பணம் கட்டுவது வீண். வண்டியே கிடைக்காவிட்டாலும் நடந்து வந்து கப்பலைப் பிடித்துவிடலாம் அல்லவா?

இங்கே கப்பல் காலை 10க்கு வந்து மாலை 6க்குப் போகிறது. எங்கள் திட்டத்தைப் பெண் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தாள். முதலில் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோவில். 1833ல் கட்டிய கோவில் அது. ஏன் முதலில் என்றால், நம் ஊர் மாதிரியேதான் அங்கும் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கப்பல் பயணிக்குக் கிடைப்பதே மத்தியான நேரம்தான். கோவிலைக் கடைசியில் வைத்தால் பூட்டிய கதவைத்தான் கும்பிட வேண்டும். அடுத்தது பினாங் ஸ்ட்ரீட். சரியாக ஒரு மணிக்குள் சாப்பாடு. அதற்குப் பிறகு கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாள். “என்னடி இது, ஒண்ணுமே எழுதலை?” என்றேன். “அப்பத்தாவுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, யாருக்குத் தெரியும்?” என்றாள். பதினேழு வயசுப் பெண்ணுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

நாத்தனாரும் கணவரும் பினாங்கு மலைக்குப் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். 833 மீட்டர் உயரம், மேலே போக மலை ரயில் உண்டு. கப்பல் வருகிற நாளில் எல்லாருக்கும் அதே யோசனைதான் வருமாம். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டுப் பாதியிலேயே திரும்பினார்கள்.

மாமியாருக்காக ஒரு ரிக்‌ஷா பேசினோம். மணிக்கு 40 ரிங்கிட். ஒரு ரிங்கிட் அப்போது ஏறக்குறைய 17 ரூபாய். பேரம் பேசுவதை ஏறும் முன்பே, “மொத்தமாகவா, தலைக்கா” என்பதையும் கேட்டு முடித்துவிடுங்கள். பினாங்கு ரிக்‌ஷாவில் நாம் முன்னால், மிதிப்பவர் பின்னால். எதிரே வருகிற லாரியெல்லாம் நேராக நம் மடிக்கு வருவது போல இருக்கும். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே போனார். நாங்கள் பக்கத்திலேயே நடந்தோம். சீனப் புத்தாண்டு சமயமானதால் தெருவுக்குத் தெரு சிவப்பு விளக்குகள்.

பினாங் ஸ்ட்ரீட்டில் இறங்கினால் வாசம் எல்லாம் நம் ஊர் வாசம்தான். மல்லிகை, சாம்பிராணி, வறுத்த மிளகாய். கடைகளுக்கு முன்னால் தூண் வைத்து, மேலே மாடி மூடிய நடை தெரு நீளத்துக்கும் போகிறது. அதை ஐந்தடி என்கிறார்கள். தைப்பூசத்துக்கு முருகனின் வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடும் அந்தத் தெருவில்தான். மாமியார் கையில் அந்த எண்ணை எழுதிய சீட்டு. ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனோம். அந்த எண் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. கீழே இரும்புக் கதவை இழுத்துவிட்ட கடை, மேலே பச்சைப் பெயிண்ட் உரிந்த மரச் சன்னல்கள்.

எனக்கு நெஞ்சு பக்கென்றது. இவ்வளவு தூரம் வந்து சாத்திய கதவா! பக்கத்துப் பூக்கடைக்காரர் தமிழர். விஷயத்தைக் கேட்டதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து ஐந்தடியில் போட்டு, “உக்காருங்க ஆத்தா, எந்த ஊரு?” என்றார். கிட்டங்கியாக இருந்த வீடுகள் பல கடைகளாகிவிட்டன என்றும், இந்தக் கடைக்காரர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்றும் சொன்னார்.

மாமியார் உட்கார்ந்தார். அழவில்லை. நான் பயந்துகொண்டிருந்தேன், அவர் அழவில்லை. உள்ளே நீளக் கூடமாக இருக்கும் என்றும், வரிசையாகப் பெட்டியடிகள் போட்டிருக்கும் என்றும், பகலில் அவரவர் பெட்டி முன்னால் கணக்கு எழுதிவிட்டு ராத்திரி அதே இடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள் என்றும் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் கடுதாசியில் படித்தது. “ராத்திரி கப்பல் ஊதுறது இங்க கேக்கும்னு எங்கப்பா எழுதியிருப்பாரு. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் படிக்கச் சொல்லும்.” கொஞ்ச நேரம் கழித்து, “நம்ம கப்பல் இங்கிருந்து எம்புட்டுத் தூரம்?” என்றார். எண்ணூறு மீட்டர்தான் அப்பத்தா என்றாள் பெண். “அப்பச் சரிதான்” என்றார்.

இருபத்தைந்து நிமிஷம் அங்கேயே இருந்தோம். பையன்கூடப் பேசாமல் இருந்தான். அப்புறம் மாமியாரே எழுந்தார். “மாத்திரையைப் போட்டுட்டேன்த்தா, சோறு எங்க?” என்றார். பார்த்தால் மணி 12.50.

இது முக்கியம். சர்க்கரைக்காரர்களோடு போகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மற்றதை அதைச் சுற்றி வையுங்கள். கப்பலில் கொடுக்கும் பழத்தையும் சாப்பாட்டையும் கரைக்கு எடுத்துப் போகக் கூடாது என்று அறிவிப்பு செய்தார்கள். அதனால் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், குளுக்கோஸ், உப்பு-சர்க்கரைப் பொட்டலம், தண்ணீர் இவை என் கைப்பையில் எப்போதும் இருந்தன. அந்தப் புழுக்கத்தில் வியர்வை ஆறாய் ஓடும். வயதானவர்கள் தாகத்தைச் சொல்லவே மாட்டார்கள், நாம்தான் அரை மணிக்கு ஒருதரம் குடிக்கச் சொல்ல வேண்டும். மாத்திரை ஒரு நாளைக்குப் பதிலாக இரண்டு நாளைக்கு, அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் கையில் இருக்கட்டும். கப்பலைத் தவறவிட்டால் மாமியார் மாத்திரை இல்லாமல் கஷ்டப்படக் கூடாது பாருங்கள்.

வாழை இலைச் சாப்பாடு முடித்ததும், பிள்ளைகள் ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டுக்கு ஓடினார்கள். நிஜ சைக்கிளைச் சுவரோடு பதித்து, அதில் இரண்டு குழந்தைகள் போவது போல 2012ல் ஒரு லித்துவேனிய ஓவியர் வரைந்த படம் இருக்கிறது. எல்லாரும் அதன் பின்னால் ஏறுவது போல நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு மணிக்குக் கப்பலில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு வெளியே ஆன மொத்தச் செலவு, ஐந்து பேருக்கு, ஒரு டூர் டிக்கெட் விலைகூட இல்லை.

இந்த ஜெயிப்பு தலைக்கு ஏறியதில்தான் மூன்றாம் நாள் மாட்டிக்கொண்டோம்.

புக்கெட்டில் எங்கள் கப்பல் துறையில் நிற்கவில்லை. பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நடுக்கடலில் நங்கூரம் போட்டது. அங்கிருந்து சின்னப் படகில் ஏற்றிக் கரையில் விடுகிறார்கள். படகு ஆடும், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரு அடி அகலத்தைத் தாண்ட வேண்டும். சிப்பந்திகள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றாலும், முழங்கால் வலிக்காரர்கள் அலை அதிகமான நாளில் இதில் இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடுவது உத்தமம். அன்று கடல் குளம் மாதிரி இருந்ததால் மாமியாரையும் அழைத்துப் போனோம். படகு உள்ள இடத்தில் ‘கப்பல் எப்போது புறப்படும்’ என்று பார்க்காதீர்கள். ‘கடைசிப் படகு எப்போது’ என்று பாருங்கள். எங்களுக்கு 4 மணி.

வேன் முன்கூட்டியே பேசியது. சாலோங் புத்தர் கோவில், பிறகு பழைய புக்கெட் டவுனில் வண்ண வண்ணமான பழங்கால வீடுகள் உள்ள தெரு. பாத்தோங்கிலிருந்து 15 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவே ஒரு மலை ஏறி இறங்க வேண்டும். டவுனில் ஐஸ் விற்கும் கடை முன்னால் நின்றுகொண்டிருந்தோம். என் கணவர் ஃபோனைப் பார்த்து, “மணி 2.20தான், இன்னும் ஒரு கடை பார்க்கலாம்” என்றார்.

“ஏம்ப்பா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு?” என்றார் மாமியார்.

“நாலு மணிக்கும்மா.”

“இப்ப மூணு இருபதாச்சே?”

மாமனார் வாங்கிக் கொடுத்த பழைய எச்.எம்.டி. கடிகாரம். சாவி கொடுப்பது. சிங்கப்பூரில் கப்பல் ஏறியவுடன் மாடிப்படி அருகே தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தவர், அப்புறம் அதைத் தொடவே இல்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். “அம்மா, உன் வாட்ச் சிங்கப்பூர் மணி காட்டுது. தாய்லாந்துல ஒரு மணி நேரம் கம்மி” என்றார் இவர். நாத்தனாரின் கணவர் மட்டும் சிரிக்காமல், பையில் மடித்து வைத்திருந்த கப்பலின் அன்றைய அறிவிப்புத் தாளை எடுத்தார். ‘கப்பலில் நேரம் மாற்றப்படாது. கப்பல் நேரத்தையே பின்பற்றவும்’ என்று மேலேயே போட்டிருந்தது. எங்கள் ஃபோன்கள் கரை இறங்கியதும் தாமாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொண்டுவிட்டன. மாமியாரின் கைதான் சரியான மணி சொன்னது.

அந்த மலைப்பாதையில் நாங்கள் வந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. டிரைவர் பாவம், அவருக்கு எங்கள் பாஷை தெரியாவிட்டாலும் முகம் புரிந்துவிட்டது. கப்பல் நேரம் 3.52க்குக் கடற்கரையில் இறங்கி, மாமியாரை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு மணலில் ஓட முடியாமல் ஓடினோம். படகில் உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததுதான்.

சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். தாய்லாந்தும் வியட்நாமும் அதற்கு ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் ஊருக்கு ஊர் மாற்றும், சில மாற்றாது. இறங்கும் முன் படியருகே இருக்கும் கடிகாரத்தைப் பாருங்கள். வண்டிக்காரரிடம் பேசும்போது அவருடைய ஊர் மணியில் மாற்றிச் சொல்லுங்கள்.

வேறு ஊர்களைக் கேட்டிருப்பவர்களுக்கு நாத்தனாரிடம் கேட்டு எழுதுகிறேன், அவர்கள் வியட்நாம் பக்கமும் ஹாங்காங்கும் போய் வந்தவர்கள். விளம்பரத்தில் ‘பாங்காக்’ என்றால் பெரும்பாலும் லேம் சபாங் துறைமுகம், ஊருக்குள் போகவே இரண்டு மணி நேரம் ஆகும். ‘ஹோ சி மின் நகரம்’ என்று போட்டு ஃபூ மை துறையில் நின்றால் அதுவும் அப்படித்தான். இப்படிப்பட்ட இடங்களில் யோசிக்காமல் கப்பல் டூர் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே ஏதாவது பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஹாங்காங்கில் ஓஷன் டெர்மினல் என்ற துறையில் நின்றால் இறங்கியதும் கடைத்தெரு, யாரும் துணை வேண்டாம்.

வண்டி பேசும்போது கேட்க வேண்டியதைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை வண்டிக்கா தலைக்கா, சுங்கமும் பார்க்கிங்கும் அதில் சேர்த்தியா, துறைக்குள் வண்டி வருமா அல்லது கேட்டுக்கு வெளியே நிற்குமா, கடைக்கு அழைத்துப் போகாமல் இருப்பாரா. எல்லாவற்றையும்விட, காற்று மழையில் கப்பல் அந்த ஊருக்கே வராமல் போனால் முன்பணம் திரும்புமா? கப்பல் டூரென்றால் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும். வெளியே கட்டியது நம் சாமர்த்தியம். கொஞ்சம் முன்பணம், மீதி மாலையில் துறையில் இறங்கிய பிறகு என்று பேசுங்கள். முழுப் பணம் வாங்கியவருக்கு அவசரம் நம்முடையது, அவருடையதல்ல. அன்றைய அறிவிப்புத் தாளில் அந்த ஊர்க் கப்பல் ஏஜண்டின் ஃபோன் நம்பர் போட்டிருக்கும். அதைக் கிழித்துக் கைப்பையில் வையுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்துப் போவதா, நகல் போதுமா என்பதும் ஊருக்கு ஊர் மாறும், இறங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் போனபோது மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இந்தியர்களுக்கு விசா தேவைப்படவில்லை. சிங்கப்பூருக்குத் தேவை, அதுவும் கப்பல் திரும்பி வரும்போது இரண்டாம் முறை நுழைய அனுமதியோடு. இந்த விதிகள் மாறுகிறவை, டிக்கெட் வாங்கும் அன்றே விசாரியுங்கள்.

ஈரோட்டுச் சகோதரிக்கு: அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் கப்பல் தரும் நாற்காலி பெரும்பாலும் ஏறி இறங்க மட்டும்தான், ஊருக்குள் எடுத்துப் போக விடமாட்டார்கள். மடக்குகிற நாற்காலி ஒன்றை வாடகைக்கோ சொந்தமாகவோ கொண்டுபோங்கள். படகில் இறங்கும் ஊர் எது என்று முன்பே கேட்டு, அந்த ஊருக்கு மட்டும் எந்த ஏற்பாட்டுக்கும் பணம் கட்டாதீர்கள். அன்று காலை கடலைப் பார்த்து முடிவு செய்யலாம். உங்கள் அம்மாவுக்கு எந்த ஊரில் எதைப் பார்க்க ஆசை என்று எழுதவில்லையே? அதைத் தெரிவித்தால் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

அடுத்த இதழில், கப்பலில் ஐந்து நாளும் சைவச் சாப்பாட்டுக்கு நாங்கள் பட்ட பாடு.